‘1930 ஏப்ரல்’ பலகைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

1930 ஏப்ரல் மாதத்தின் முப்பது நாட்களும் முப்பது பலகைகளாக எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் தொங்குகின்றன. பார்க்க வருகிறவர்கள் எங்களைத்தான் பாராட்டுகிறார்கள். பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு பலர். பலகையில் ஒரு தேதியை எழுதிவிடலாம், அது நிற்குமா என்று சொல்ல அந்தந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும். யார் எதைச் சரிபார்த்துக் கொடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம். வேறோர் ஊரில் வேறொரு மாதத்தை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி பஞ்சாங்கம் கணிக்கும் பெரியவருக்கு. ஏப்ரல் 13, ஞாயிற்றுக்கிழமை. திருச்சியில் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்கான வேதாரண்யம் யாத்திரை புறப்பட்ட நாள் அது. ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாள், பிரமோதூத வருடப் பிறப்பு. பட்டுக்கோட்டை அருகே செங்கப்படுத்தான்காட்டில் பாடலாசிரியர் கல்யாணசுந்தரம் பிறந்ததும் அன்றுதான். இத்தனையும் ஒரே நாளில் வந்து விழும்போது சந்தேகப்படுவதுதான் முறை. பெரியவர் சொல்லிக் கொடுத்த சோதனைகள் இவை.

சூரியன் மேஷத்தில் நுழைவது அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே சித்திரை 1, பின் என்றால் மறுநாள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் நுழையும் நேரத்தைச் சில மணி நேர வித்தியாசத்தில் சொல்லும். அந்த இடைவெளிக்குள் அஸ்தமனம் வந்துவிட்டால் இரண்டு பஞ்சாங்கத்திலும் வருடப் பிறப்பு வேறு வேறு நாளாகிவிடும். ஆகவே தமிழ்த் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றும்போது எந்தப் பஞ்சாங்கம் என்பதைக் குறிக்காமல் விடக்கூடாது. அடுத்தது, நம் கணக்கில் நாள் என்பது உதயம் முதல் உதயம் வரை. நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஆங்கிலத் தேதி மாறியிருக்கும், ஜாதகத்தில் கிழமை மாறியிருக்காது. ‘சனி இரவு விடிந்தால் ஞாயிறு’ என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். அந்த வரியை விட்டுவிட்டுத் தேதியை மட்டும் பெயர்த்தெழுதினால் ஒரு நாள் தவறும். மூன்றாவது, பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1, ஜூலை 1 என்று கண்டால் உடனே நம்ப வேண்டாம். சேர்க்கும்போது வயதுக்கணக்குக்காக எழுதிவைத்த தேதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிழமையும் நட்சத்திரமும் ஆங்கிலத் தேதியோடு ஒத்துப் போனால்தான் பிறந்த நாள் பலகைக்குப் போகும்.

கிழமை பார்க்கப் பெரியவர் எடுத்துக் கொடுத்தது 2025ஆம் வருட மாதக் காலண்டரை. 1930 ஏப்ரல் செவ்வாயில் தொடங்கியது, 2025 ஏப்ரலும் அப்படியே. புனித வெள்ளி 18, ஈஸ்டர் 20 என்பதுகூட இரண்டிலும் ஒன்று. வருடப் பிறப்பு மட்டும் 2025இல் 14ஆம் தேதிக்கு நகர்ந்துவிட்டது. தேதி கிழித்து ஆணியடித்த பழைய காலண்டர்களைத் தூக்கிப் போடாத வீடுகளுக்கும் ஒரு நன்றி.

அடுத்தது, தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன். அவர் இல்லையென்றால் 18ஆம் தேதிப் பலகை வெறும் வேடிக்கைச் செய்தியாகப் போயிருக்கும். அன்று இரவு 8.45 மணிச் செய்தியறிக்கையில் பி.பி.சி. ‘இன்று செய்தி எதுவுமில்லை’ என்று சொல்லிவிட்டுப் பியானோ இசை ஒலிபரப்பியது என்பது பலருக்கும் தெரிந்த கதை. அதே 18ஆம் தேதி இரவு சுமார் பத்து மணிக்கு வங்கப் புரட்சியாளர் சூர்யா சென்னின் தோழர்கள் சிட்டகாங்கில் ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்கள். எட்டே முக்கால் முன்னால், பத்து பின்னால் என்று அடுக்கத்தான் கை போகும். அண்ணன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரிட்டனில் அந்த வருடம் ஏப்ரல் 13 முதல் கோடைக்கால நேரம், அதாவது கிரீன்விச்சைவிட ஒரு மணி கூடுதல். கல்கத்தா பக்கம் அப்போது இந்தியப் பொதுநேரம் இல்லை, அதைவிட ஏறக்குறைய 24 நிமிடம் முந்திய கல்கத்தா நேரம் புழங்கியது. பம்பாய்க்கு 39 நிமிடம் பிந்திய தனி நேரம். கல்கத்தா நேரம், பொதுநேரம் இரண்டில் எதை வைத்துப் பார்த்தாலும், லண்டனில் ‘செய்தி இல்லை’ என்று வாசித்தபோது சிட்டகாங்கில் தாக்குதல் நடந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. தந்திக் கம்பிகளை அறுத்ததும் அந்தத் திட்டத்தின் ஒரு பகுதி. நம் பொதுநேரப்படி அந்த ஒலிபரப்பு 19ஆம் தேதி அதிகாலை 1.15, ஆனால் பலகையில் அது 18இல்தான் இருக்கிறது. நடந்த இடத்துத் தேதியே தேதி என்ற விதியை அண்ணன் சொல்லி நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

நள்ளிரவைத் தாண்டும் நிகழ்ச்சிகளுக்கும் அவர் விதியே. காந்தி கைதானது மே 4 என்று ஒரு புத்தகத்தில் இருக்கும், 5 என்று இன்னொன்றில் இருக்கும். நள்ளிரவு கடந்து முக்கால் மணிக்குக் கைது, ஆகவே 5. எங்கள் மாதத்தில் வராது, ஆனாலும் விதியைச் சோதித்துப் பார்க்க நல்ல கேள்வி.

பழைய இதழ்த் தொகுதிகளை எடுத்துக் கொடுத்த நூலகர் அம்மாவுக்கும் உதவியாளர்களுக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும். தொண்ணூறு வயதைத் தாண்டிய செய்தித்தாள் மடிப்பில்தான் முதலில் உடையும். நகலெடுக்கும் இயந்திரத்தில் முதுகை அழுத்திக் கவிழ்த்தால் தையல் விட்டுவிடும். அதனால் இருபுறமும் மடித்த துணியை முட்டுக்கொடுத்து, விரித்த கோணம் குறையாமல் வைத்து, சன்னல் வெளிச்சத்தில் படமெடுக்க விட்டார்கள். ஈரக்கை கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, பக்கத்தை மேல்மூலையில் பிடித்து மறுகையைத் தாளுக்கு அடியில் கொடுத்துத் திருப்ப வேண்டும். செய்தி வாசிப்பதிலும் ஒரு பாடம் உண்டு. இதழின் தேதி வேறு, செய்தி அனுப்பிய ஊரோடு இருக்கும் தேதி வேறு, நடந்த தேதி வேறு. அந்நாளில் ‘தி இந்து’ மாலை இதழாக வந்ததால் அதில் அன்றைய நிகழ்ச்சியே இருக்கலாம். காலை இதழ் என்று நினைத்து ஒரு நாள் கழித்துவிட்டால் போச்சு. ஏப்ரல் 27இல் பத்திரிகை அவசரச் சட்டம் வந்து ஜாமீன் தொகை கேட்டதில் பல இதழ்கள் நின்றன. மாதக் கடைசிக்குச் செய்தி குறைகிறது என்றால் ஊர் அமைதியாக இருந்தது என்று பொருளில்லை.

இனி வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியின் உப்பளத் தொழிலாளர்கள். 6ஆம் தேதி தண்டியிலும் 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியிலும் நடந்தது என்ன என்று எங்களுக்குக் கையால் காட்டியவர்கள் இவர்கள்தான். ‘உப்புக் காய்ச்சினார்கள்’ என்று ஒரே வார்த்தையில் புத்தகங்கள் முடித்துவிடுகின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்பும் சேர்ந்து ஏறக்குறைய 35 கிராம். அதில் சாப்பாட்டு உப்பு 27 கிராம் அளவு. பாத்தியில் நீரின் அடர்த்தியைப் போமே மானியில் பார்ப்பார்கள். கடல்நீர் 3 டிகிரியில் உள்ளே வரும், வெயிலில் ஏறும், வழியில் ஜிப்சம் படியும், 25 டிகிரியில் உப்புப் பூக்கும். 29, 30ஐத் தொடுவதற்குள் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும். விடாமல் போனால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து இறங்கும், கசக்கும், காற்றுப் பட்டதும் கசிந்து பிசுபிசுக்கும்.

கூடத்தில் காட்டிய செய்முறையும் அப்படியே. களர்மண் கலந்த உப்பை நீரில் கரைத்து, தெளியவிட்டு, இரட்டைத் துணியில் வடிகட்டி, அகன்ற மண்சட்டியில் காய்ச்சினார்கள். முக்கால் பங்கு நீர் போனதும் அடியில் வெள்ளைப் பொடி தெரியும். அதை உப்பென்று எடுக்கக்கூடாது, அது ஜிப்சம். தெளிவை மறு சட்டிக்கு மாற்ற வேண்டும். பிறகு படிவதுதான் உப்பு. ஈரம் இருக்கும்போதே வாரித் துணியில் கட்டித் தொங்கவிட்டால் கசப்பு நீர் வடிந்துவிடும். சட்டி காயும்வரை விட்டால் அத்தனையும் கசப்பு. தண்டியில் அதிகாரிகள் கரையோர உப்பைச் சேற்றோடு கலந்துவிட்டிருந்தார்கள். காந்தி எடுத்தது சேறும் உப்புமான பிடிதான். அதைச் சுத்தம் செய்யத் தொண்டர்களுக்கு இத்தனை வேலை இருந்தது என்பது சட்டியைப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கு உறைத்தது.

உப்பு வரியை எழுதும்போது ஒரு கண்ணி இருக்கிறது. வரி ஒரு மணங்குக்கு 1 ரூபாய் 4 அணா. இந்த மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று மேல், அதாவது 37.3 கிலோ. சென்னை மணங்கோ 25 பவுண்டுதான். அதை வைத்துக் கணக்கிட்டால் வரி மூன்று மடங்காகத் தெரியும். சரியான கணக்கில் கிலோவுக்கு அரை அணாவுக்கு ஒரு நூல் மேல். தொலைவிலும் இதே கதை. தண்டி யாத்திரை 240 மைல், வேதாரண்யம் யாத்திரை 150 மைல், கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 240. இரண்டும் 240 என்று இருப்பதால் அலகை விட்டுவிட்டு எழுதும் கட்டுரைகளில் இரண்டு யாத்திரையும் ஒரே தூரமாகிவிடுகின்றன. எடைக்கல் வைத்து இதைச் சரிபார்த்த மளிகைக்கடை ஐயாவுக்கு வணக்கம்.

யாத்திரை போன வழியில் கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதிக் கொடுத்த நண்பர்களுக்கும் நன்றி. தொண்டர்கள் எத்தனை பேர் என்பதில் 98 முதல் 100 வரை நூல்கள் மாறுபடுவதால் ‘நூறு பேர் அளவில்’ என்று எழுதினோம். தஞ்சை கலெக்டர் தார்ன், தொண்டர்களுக்கு இடமோ சோறோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று அறிவித்தார். சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டிவைத்துவிட்டு ஆள் மறைந்துகொண்ட செய்தியை ‘வாய்மொழியாக வழங்குவது’ என்ற குறிப்போடுதான் சேர்த்தோம். அந்தக் குறிப்பு வேண்டாம் என்று சண்டை போட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த நன்றி. அவர்கள் பாட்டி சொன்னது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பலகைகளை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டார்கள். 2ஆம் தேதி எத்தியோப்பியாவில் பேரரசி சவ்திது மறைந்து ஹெய்லி செலாசி அரியணைக்கு உரியவரானார். அவர்கள் காலண்டரில் அது 1922ஆம் வருடம் என்பதால் எட்டு வருடம் முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும் ஆபத்து உண்டு. 14இல் நேரு கைதும் மாஸ்கோவில் மாயகோவ்ஸ்கி மரணமும். 22இல் லண்டனில் ஐந்து நாட்டுக் கடற்படை ஒப்பந்தம், அதே நாளில் சிட்டகாங்கை அடுத்த ஜலாலாபாத் குன்றில், ஆயுதக் கிடங்கைத் தாக்கிய இளைஞர்கள் பன்னிரண்டு பேர் சாவு. 23இல் பெஷாவர் துப்பாக்கிச் சூடு. பிறப்புகளில் ஹெல்முட் கோல் 3, டோலரஸ் ஹுவேர்ட்டா 10, ஜேம்ஸ் பேக்கர் 28. நடிகை சில்வானா மங்கானோவுக்கு 21, 23 என்று இரு தேதிகள் ஓடுவதால் விட்டுவிட்டோம்.

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் நடந்த கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டம்தான் ஆசிரியர்களைப் படாத பாடு படுத்தியது. நாள் வரம்பில்லாத ஆட்டம், 3 முதல் 12 வரை. இங்கிலாந்து 849, அதில் ஆண்டி சாந்தம் 325. டெஸ்டில் முதல் முச்சதம். மேற்கிந்தியத் தீவுகளுக்கு 836 இலக்கு, ஜார்ஜ் ஹெட்லி 223 அடித்து 408க்கு 5 விக்கெட் என்று நின்றபோது கடைசி இரண்டு நாளையும் மழை விழுங்கியது. இங்கிலாந்துக் குழுவுக்குக் கப்பல் புறப்படும் நேரம், டிரா! பத்துப் பலகையில் ஒரே செய்தியை எழுத முடியாது. தொடங்கிய நாளில் முழு விவரம், மற்ற நாட்களின் அடியில் ஒரு பச்சைக் கோடு, 6ஆம் தேதியில் கோடு அறுந்திருக்கும். அது ஞாயிறு, ஓய்வு நாள். வேதாரண்யம் யாத்திரைக்கும் இதே முறையில் சிவப்புக் கோடு, 13 முதல் 28 வரை.

எழுத்து வரைந்த சுவர் விளம்பர ஓவியர் கூலி வாங்கவில்லை. பலகைக்குத் தாள் ஒட்ட அவர் காய்ச்சிய பசைக்குக் கால் கிலோ மைதா, ஒன்றரை லிட்டர் தண்ணீர், இறக்கும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம். துத்தம் போடாவிட்டால் கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் ஒரே மழைக்காலத்தில் தாளைத் தின்றுவிடும். விஷம் என்பதால் பிள்ளைகள் கையில் பசைப் பாத்திரத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு பலகை இன்னும் பாதி காலியாக இருக்கிறது. ஏப்ரல் 1, சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்த நாள்: பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 வயதுக்குக் கீழ்த் திருமணம் குற்றம். 1929 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியதற்கும் இதற்கும் நடுவே நாடெங்கும் அவசரக் கல்யாணங்கள் நடந்தன. சுக்கில வருடம் தை, மாசி, பங்குனி என்று போட்ட கல்யாணப் பத்திரிகை உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் படமெடுத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், செலோ டேப் ஒட்ட வேண்டாம், கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் பிரிக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும், நாங்கள் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்கிறோம். பெயர்களை மறைத்துத்தான் பலகையில் வைப்போம்.

இப்படிக்கு,
‘1930 ஏப்ரல்’ பலகைக் குழுவினர்