பிராஜெக்ட்டைத் தரவு திரட்டும் முன்பே மதிப்பிடுங்கள்: முதுநிலை உளவியல் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் தன்னாட்சிக் கல்லூரிகளிலும் எம்.எஸ்சி. உளவியல் பாடத்திட்டம் வகுக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மாணவர் பிராஜெக்ட்டுகளுக்கு கைடாக இருப்பவர்களும் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு)ப் புறத்தேர்வாளராகப் போகிறவர்களும் சேர்ந்து எழுதுகிறோம். கேட்பது ஒன்றுதான்: பிராஜெக்ட் மதிப்பெண்ணில் பாதியையாவது, தரவு திரட்டத் தொடங்கும் முன்பே திட்ட வரைவுக்குக் கொடுத்துவிடுங்கள். இப்போது பைண்டிங் முடிந்து மேசைக்கு வந்த பிறகுதான் குறை கண்ணில் படுகிறது. அதற்குமேல் திருத்த வழியில்லை.

முதலில் ஆள் கணக்கு. '30 ஆண், 30 பெண்' என்பது துறைகளில் வழிவழியாக வரும் எண். இரு பாலாருக்கும் இடையே நடுத்தர அளவு வேறுபாடு, அதாவது வேறுபாட்டின் அளவைச் சொல்லும் கோஹன் டி 0.5, உண்மையிலேயே இருந்தாலும், இந்த 60 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு பாதிக்கும் சற்றுக் குறைவு. 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் ஆணில் 64, பெண்ணில் 64 பேர் தேவை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாறுகின்றனவா என்று பார்க்கும் உடன்தொடர்பு ஆய்வில், தொடர்பின் அளவு 0.3 என்றால் சுமார் 85 பேர் போதும், 0.2 என்றால் 194 பேர் ஆகிவிடும். செல்போனும் தூக்கமும், சமூக ஊடகமும் மனநிலையும் போன்ற தலைப்புகளுக்கு 0.2-ஐ எதிர்பார்த்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. இந்த ஆள் கணக்கைப் போடும் ஜி-பவர் மென்பொருள் இலவசம். கணக்குப் போட ஐந்து நிமிடம் ஆகாது.

ஒரு மாணவர் ஒரு பருவத்தில் 194 பேரை ஒழுங்காகப் பிடிப்பது கடினம். கட்டாயப்படுத்தினால் ஹாஸ்டல் நண்பர்களே ஆளுக்கு மூன்று ஃபார்ம் நிரப்பித் தருவார்கள். எனவே ஒரு கைடின் கீழுள்ள ஐந்து மாணவர்களைச் சேர்த்துவிடுங்கள். பொதுவான ஒரே வினாத்தாள், மூன்று நான்கு குறுகிய ஸ்கேல்கள் (உளவியல் அளவைகள்), ஆளுக்கு 40 பேர் என்று 200 பேர் கிடைப்பார்கள். கேள்வி, கருதுகோள், பகுப்பாய்வு, அறிக்கை எல்லாம் தனித்தனி. ஐந்து பேருடைய ஆசைக்கும் இடம் கொடுத்து வினாத்தாளை நீட்டிவிடக் கூடாது. கால் மணி நேரத்தைத் தாண்டினால் பலர் ஒரே கட்டத்தில் நேர்கோடாக டிக் அடித்துவிட்டுப் போவார்கள்.

திட்ட வரைவோடு கருதுகோளையும் தேதியிட்டு முன்பே ஒப்படைக்கச் சொல்லுங்கள். அதற்குக் காரணம் உண்டு. உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாத தரவில் தனித்தனியாகப் பத்துச் சோதனைகள் ஓட்டினால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வர, அதாவது தற்செயலாகவே 'சிக்னிஃபிகன்ட்' (புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது) என்று தோன்ற, 40 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 'சிக்னிஃபிகன்ட்' வராவிட்டால் மதிப்பெண் குறையும் என்று பயந்த மாணவர் அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, அதுவே தன் கருதுகோள் என்று எழுதிவிடுகிறார். இது மாணவர் குற்றம் மட்டுமல்ல. 2015-இல் 100 உளவியல் ஆய்வுகளை மீண்டும் நடத்திப் பார்த்தபோது, ஏறத்தாழ 36 சதவீதத்தில்தான் சிக்னிஃபிகன்ட் முடிவு திரும்ப வந்தது. அவை முன்னணி இதழ்களில் வெளியானவை.

அடுத்தது ஸ்கேல். பெக் மனச்சோர்வு அளவை பதிப்பாளர் விற்கும் கருவி. அதைக் கூகுள் ஃபார்மில் தட்டச்சு செய்து பரப்புவது உரிம மீறல். மனச்சோர்வை அளக்கும் இன்னொரு கருவியான பி.எச்.க்யூ-9 இலவசம்தான், ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. பெயரில்லாத ஃபார்மில் ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று குறித்தால், ஒரு மாதம் கழித்து எக்செல் கோப்பைத் திறக்கும்போதுதான் அது தெரியும்; அப்போது அவரைத் தேடவும் முடியாது. அந்தக் கேள்வி இல்லாத பி.எச்.க்யூ-8-ஐப் பயன்படுத்துங்கள். ஒன்பதும் வேண்டுமென்றால் நேரில் கேட்டு, அன்றே கைடு விடைகளைப் பார்க்கும் ஏற்பாடு இருக்க வேண்டும். எதுவானாலும் கடைசிப் பக்கத்தில் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸ் எண் 14416 இடம்பெறட்டும்.

மன அழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.எஸ்-10 அளவையில் 4, 5, 7, 8 கேள்விகளுக்கு மதிப்பெண்ணைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மறந்தால், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரான்பாக் ஆல்ஃபா சரிந்துவிடும். உடனே தமிழாக்கத்தின் மேல் பழி விழும். இருபது முப்பது பேரிடம் முன்னோட்டம் நடத்தி, ஆல்ஃபா எண்ணைத் திட்ட வரைவிலேயே கேட்டால் இது அங்கேயே சிக்கும்.

கூகுள் ஃபார்மைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'உங்கள் அடையாளம் தெரியாது' என்று ஒப்புதல் பக்கத்தில் எழுதிவிட்டு, அமைப்பில் மின்னஞ்சல் சேகரிப்பை அணைக்காமல் விடுவது அடிக்கடி நடக்கிறது. 'சம்மதமில்லை' என்பதை அழுத்தினாலும் அடுத்த பக்கம் திறக்கும் ஃபார்ம்களும் உண்டு. அந்த விடையை நேராகச் சமர்ப்பிப்புப் பக்கத்துக்கு இணைக்க வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளிடம் போகும் ஆய்வுகளில்தான் பெரிய ஓட்டை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அதோடு 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும் அதற்கு மேல் எழுத்துச் சம்மதமும் வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து பெற்றோர் ஒப்புதலுக்கு ஈடாகாது. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். கூட்டம் செல்லக் குறைந்தது ஐந்து உறுப்பினர்கள் இருக்க வேண்டும். இதைத் திடீரென்று கூட்ட முடியாது. மூன்றாம் பருவத்தின் நடுவில் ஒரு தேதியைக் கல்வி நாட்காட்டியிலேயே அச்சிட்டுவிடுங்கள். வரைவு அதற்கு மூன்று வாரம் முன்னதாக வந்துசேர வேண்டும்.

மீதிப் பாதி மதிப்பெண்ணுக்கு பைண்டிங் பிரதியோடு ஜமோவி கோப்பையும் கேளுங்கள். அது இலவசப் புள்ளியியல் மென்பொருள், ஒரே கோப்பில் தரவும் பகுப்பாய்வும் சேர்ந்தே இருக்கும். வைவாவில் ஒரு சோதனையை எங்கள் முன் மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னால், பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கிய அட்டவணை எது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவையும் செய்யப்போவது கைடுதான். ஐந்து மாணவர் கொண்ட ஒரு குழுவுக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரத்தைக் கால அட்டவணையில் பாடவேளையாகவே கணக்கிடுங்கள். ஒரு கைடுக்குப் பத்து மாணவருக்கு மேல் வேண்டாம். அடுத்த கூட்டத்தின் பொருள்நிரலில் இதைச் சேர்க்கக் கோருகிறோம். மாதிரித் திட்ட வரைவுப் படிவத்தையும் மதிப்பெண் பங்கீட்டையும் எழுதித் தர நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உளவியல் ஆய்வு வழிகாட்டிகளும் புறத்தேர்வாளர்களும் சிலர்