பாடசாலைச் செய்தி எல்லா வீட்டுக்கும் வந்து சேரவேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பகுதியில் வசிக்கும் நான், பாடசாலை செல்லும் இரண்டு பேத்திகளின் பாதுகாவலன். மூத்தவள் ஒன்பதாம் தரத்திலும் இளையவள் நான்காம் தரத்திலும் படிக்கிறார்கள். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கிறார். தந்தை கொழும்பில் கட்டட வேலைக்குச் சென்று மாதம் ஒருமுறை வந்து போகிறார். எங்கள் ஊரில் இது புதினமான குடும்பம் அல்ல. அடுத்தடுத்த வேலிகளுக்குள் இப்படி வாழும் பிள்ளைகள் பலர். பாடசாலைகளிலிருந்து பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வரவேண்டிய அறிவித்தல்கள் எங்களைப் போன்ற வீடுகளுக்கு வந்து சேராமல் போவது பற்றித் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கல்வி அதிகாரிகளின் கவனத்துக்குச் சில விடயங்களைக் கொண்டுவர விரும்புகிறேன்.

கடந்த மாரியில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு முழுவதும் பெய்த மழை விடியற்காலையில் சற்று ஓய்ந்திருந்தது. புத்தகங்களைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் இருவரும் வழமைபோலப் புறப்பட்டார்கள். வட்டைக்குள்ளால், அதாவது வயல்வெளிக்குள்ளால் செல்லும் எங்கள் வீதியில் ஒரு மதகு இருக்கிறது. அதற்கு மேலால் கணுக்காலளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்ததால், நான் கூடவே சென்று இளையவளைத் தூக்கி மறுபக்கத்தில் இறக்கிவிட்டுத் திரும்பினேன். முக்கால் மணித்தியாலம் கழித்து இருவரும் அதே மதகின் அக்கரையில் நின்று கூப்பிட்டார்கள். "அம்மப்பா, கேற் பூட்டிக் கிடக்கு, ஒருத்தரும் இல்ல" என்று மூத்தவள் சத்தமிட்டாள். சப்பாத்துகள் கையில் இருந்தன. அதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறியிருந்தது. ஊர் இளைஞர் ஒருவர் கயிற்றோடு வந்திராவிட்டால் பிள்ளைகளை எப்படி இக்கரைக்குக் கொண்டுவந்திருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று பாடசாலைக்கு விடுமுறை. அந்த அறிவித்தல் முதல்நாள் இரவு 9.40 மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் போடப்பட்டிருந்தது. என்னிடம் இருப்பது பொத்தான் தொலைபேசி. குழுவில் எங்கள் வீட்டின் சார்பில் இருப்பது குவைத்தில் இருக்கும் மகளின் இலக்கம். வேலை முடிந்து அவர் தொலைபேசியைக் கையில் எடுத்தபோது இங்கே நள்ளிரவு கடந்துவிட்டது. பதறிப்போய் அயல்வீட்டுக்காரரின் தொலைபேசிக்குக் குரல் பதிவு அனுப்பியிருக்கிறார், அதை அவர்கள் காலை எட்டு மணிக்குத்தான் கேட்டார்கள். பாடசாலையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் எனக்குத் தெரியாத செய்தி, கடல் கடந்த ஒரு நாட்டில் என் மகளுக்கு முதலில் தெரிந்திருக்கிறது.

நான் முப்பது வருடங்களுக்கு மேல் உப தபாலகம் ஒன்றை நடத்தி ஓய்வு பெற்றவன். பதிவுத் தபால் ஒன்று வந்தால் பெறுநரின் கையொப்பம் இல்லாமல் அது ஒப்படைக்கப்பட்டதாக நாங்கள் எழுதுவதில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் அறிவித்தல் துண்டை வைத்துவிட்டு வந்து, கடிதத்தைப் பத்திரப்படுத்துவோம். செய்தியை அனுப்புவது ஒரு வேலை, அது சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னொரு வேலை என்பதை அந்தத் தொழில் எனக்குப் பழக்கியது. இன்று எங்கள் பாடசாலைகளில் முதல் வேலை மட்டும் நடக்கிறது. குழுவில் ஒரு செய்தியை யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதைச் செய்தியை அனுப்பியவர் தன் தொலைபேசியிலேயே பார்க்க முடியும் என்று மூத்த பேத்தி எனக்குக் காட்டித் தந்தாள். அப்படியானால் பார்க்காத வீடுகளின் இலக்கங்களை எடுத்து ஒருவர் அழைத்துச் சொல்வது பெரிய காரியமாக இருக்காது. அது யாருடைய பொறுப்பு என்று எங்கும் எழுதப்படாததால்தான் அது நடப்பதில்லை.

இந்தக் குழுக்கள் எப்படி வந்தன என்பதை நாம் அறிவோம். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்களை அனுப்புவதற்கு ஆசிரியர்கள் அவசரம் அவசரமாக அமைத்தவை இவை. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோதும் இவையே கைகொடுத்தன. அன்றைய நெருக்கடிக்கு அது சரியான ஏற்பாடு. ஆனால் நெருக்கடி கழிந்த பின்னரும் பாடசாலைக்கும் வீட்டுக்கும் இடையிலான ஒரே வாசலாக அதுவே நிலைத்துவிட்டது. முன்பெல்லாம் பிள்ளையின் கொப்பியில் ஒட்டிவரும் துண்டுக் கடிதமும், பாடசாலை வாசலில் இருந்த அறிவித்தல் பலகையில் எழுதப்படும் விபரமும் மெல்ல மெல்ல நின்றுவிட்டன. எங்கள் பாடசாலையின் பலகையில் இப்போது இருப்பது எப்போதோ நடந்த விளையாட்டுப் போட்டியின் மங்கிய எழுத்துகள்.

குழுவில் இருப்பவர்களுக்காவது செய்தி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று கேட்டால், அதுவும் இல்லை. அயல்வீட்டுத் தொலைபேசியில் நான் பார்த்த அளவில், காலை வணக்கங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவில் ஒரு சுற்றறிக்கையின் படம் கிடக்கும். அதன் திகதி இருக்கும் மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கும். சென்ற வருடத்து விடுமுறை அறிவித்தலை யாரோ மீண்டும் அனுப்ப, அதை நம்பிச் சில பிள்ளைகள் வீட்டில் நின்றுவிட்டதும் உண்டு. தீபாவளிக்கு அடுத்த நாள் விடுமுறை, அதற்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை பாடசாலை என்றால், விடுமுறைச் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. பதில் பாடசாலை நாள் பாதிப் பேருக்கும் தெரிவதில்லை. கல்முனைப் பக்கத்தில் வசிக்கும் எனது உறவினர்களின் சிரமம் வேறு. அங்கே தமிழ்ப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் அடுத்தடுத்த வீதிகளில் இயங்குகின்றன. நோன்பு காலத்தையொட்டி இரண்டுக்கும் தவணை விடுமுறைகள் வேறுபடுகின்றன. எந்த அறிவித்தல் எந்தப் பாடசாலைக்குரியது என்ற ஒரு வரி இல்லாமல் அது கைமாறிக்கொண்டே போகிறது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிழக்குக் கரையான எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரைக்கு வரும் ஆசிரியர்கள் பலர். குருமண்வெளியில் பாதை எனப்படும் மிதவைப் படகேறி மண்டூருக்கு வருகின்றவர்கள் காற்று மாறினால் துறையிலேயே காத்து நிற்கவேண்டும். தங்கள் சொந்தப் பணத்தில் ரீலோட் செய்து, இரவு பத்து மணிக்கும் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வகுப்பாசிரியர்களை நான் அறிவேன். தீர்மானம் கொழும்பில் அல்லது மாகாண நிர்வாகம் இருக்கும் திருகோணமலையில் எடுக்கப்பட்டு, கல்வி வலயத்துக்கு வந்து, அங்கிருந்து அதிபருக்கு வந்து, வகுப்பாசிரியரின் கைக்குக் கிடைக்கும்போதே இரவாகிவிடுகிறது. கடைசியில் நிற்கும் அவரை மட்டும் நாம் கேள்வி கேட்பது நீதியாகாது. மட்டக்களப்பு மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள் இருக்கின்றன. வெள்ளம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வருவதில்லை. வாகரையிலும் கிரானிலும் வீதிகள் மூழ்கும்போது நகரத்துப் பாடசாலைகள் இயங்கக் கூடியதாக இருக்கும். ஆகவே மழை நாட்களில் அந்தந்த வலயம், தேவையானால் வலயத்தின் உட்பிரிவான அந்தந்தக் கோட்டம், மாலைக்குள் முடிவெடுத்து அறிவிக்கும் அதிகாரமும் கடப்பாடும் தெளிவாக்கப்பட வேண்டும்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் நாம் கண்டதை மறந்துவிட முடியாது. நவம்பர் 25ஆம் திகதி ஆரம்பமான உயர்தரப் பரீட்சை, கடும் மழை காரணமாக 27ஆம் திகதியிலிருந்து முதலில் மூன்று நாட்களுக்கு நிறுத்தப்பட்டு, பின்னர் அந்த இடைநிறுத்தம் நீடிக்கப்பட்டு, டிசம்பர் 4ஆம் திகதியே மீண்டும் தொடங்கியது. மின்சாரமும் தொலைபேசிச் சமிக்ஞையும் விட்டுவிட்டு வந்த அந்த நாட்களில், அடுத்த வினாத்தாள் எப்போது என்று அறிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பிரதான வீதி வரை நடந்தார்கள். அதே நாட்களில்தான் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அகப்பட்டு மதரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்தின் காரணங்களை நான் இங்கே பேச வரவில்லை. வெள்ள நாளில் பிள்ளைகள் வீதியில் இருக்கிறார்களா வீட்டில் இருக்கிறார்களா என்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எங்கள் இரண்டு மாவட்டங்களும் அனுபவித்து அறிந்திருக்கின்றன என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். மழை நாளில் பாடசாலையை இடையில் விடுவதாக இருந்தால், பாதுகாவலர் வந்து நிற்கிறாரா என்று பார்க்காமல் சிறு பிள்ளைகளை வாசலுக்கு வெளியே அனுப்பக்கூடாது என்பதும் இதனோடு சேர்ந்ததே.

உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் ஒரு குடும்பத்துக்கு நீண்டகாலம் உறைக்கும் இழப்புகளும் இருக்கின்றன. முதலாம் தர அனுமதிக்கான விண்ணப்பத்தைக் குறித்த திகதிக்கு முன்னர் பதிவுத் தபாலில் அனுப்பவேண்டும் என்பதைக் கடைசி நாள் கழிந்த பின்னர் கேள்விப்பட்டு, தபாலக வாசலில் நின்று அழுத தாய்மாரை நான் சேவையில் இருந்தபோதே கண்டிருக்கிறேன். தற்காலிகப் பெயர்ப்பட்டியல் பாடசாலையில் காட்சிப்படுத்தப்பட்ட பின்னர் மேன்முறையீடு செய்ய நாட்கள் தரப்படுகின்றன. பட்டியல் ஒட்டப்பட்டதே தெரியாதவருக்கு அந்த நாட்களால் பயன் இல்லை. சப்பாத்து வவுச்சருக்கு ஒரு காலாவதித் திகதி உண்டு. கற்றல் உபகரணங்களுக்கான கொடுப்பனவுக்கு வங்கிக் கணக்கு விபரம் கேட்டு ஒரு செய்தி வரும், இரண்டே நாட்களில் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு பெறும் வீடுகளுக்குத்தான் இந்த உதவிகள் அதிகம் தேவை, அந்த வீடுகளில்தான் ஸ்மார்ட் போன் இருப்பதற்கான வாய்ப்பும் குறைவு. உதவி தேவைப்படாதவருக்கு முதலில் செய்தி கிடைப்பதும், தேவைப்படுபவர் கடைசியில் அறிவதும் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இவற்றுக்குப் பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடுகள் எதையும் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் ஒரே ஒரு தாள், தமிழில், அதிபரின் கையொப்பத்தோடு எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடுக்கப்பட வேண்டும். தவணை தொடங்கும், முடியும் நாட்கள், பரீட்சைகள், பெற்றோர் கூட்டம், பதில் பாடசாலை நாட்கள், அவசரத்துக்கு அழைக்கவேண்டிய இரண்டு தொலைபேசி இலக்கங்கள் ஆகியன அதில் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அதைச் சுவாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்போம். படியெடுக்கும் செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். சங்கக் கூட்டங்களில் பந்தலுக்கும் மாலைக்கும் ஒதுக்கும் பணத்தைவிட அது அதிகமாக இருக்காது. தவணையின் இடையில் வரும் விடயங்களுக்குப் பிள்ளையிடம் ஒரு தகவல் கொப்பி இருக்கட்டும். ஆசிரியர் சொல்ல, பிள்ளை எழுதி, வீட்டில் பெரியவர் கையொப்பமிட்டு மறுநாள் காட்டினால், சேராத வீடு எதுவென்று அன்றே தெரிந்துவிடும். வாசிக்கத் தெரியாத அம்மம்மாவுக்குப் பிள்ளையே வாசித்துக் காட்டும்.

வட்ஸ்அப் குழுவைக் கலைக்கவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை. ஆனால் அதிபரும் வகுப்பாசிரியரும் மாத்திரம் செய்தி போடக்கூடிய குழுவாக அதை மாற்றிவிட்டு, பெற்றோர் பேசிக்கொள்ள வேறொரு குழு வைத்துக்கொள்ளலாம். அறிவித்தல் ஒவ்வொன்றிலும் திகதி, பாடசாலையின் பெயர், எந்தத் தரத்துக்குரியது என்பன முதல் வரியிலேயே இருக்கவேண்டும். சிங்களத்தில் வரும் சுற்றறிக்கையைப் படமெடுத்து அப்படியே அனுப்பாமல், அதன் சாரத்தை இரண்டு தமிழ் வசனங்களில் எழுதினால் போதும். சில வேளைகளில் தமிழ்ச் சுற்றறிக்கையும் எங்களுக்குப் புரியாத நடையில்தான் வருகிறது. முப்பது வருடம் அரசாங்கக் கடிதங்களைக் கையாண்ட நானே சிலவற்றை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவசர விடுமுறைகளுக்கு மட்டும் வேறு வழி வேண்டும். மாலை ஆறு மணிக்குள் முடிவு கிராம உத்தியோகத்தருக்கும், ஊர்க் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் அறிவிக்கப்பட்டால், ஒலிபெருக்கியில் ஒரு நிமிடத்தில் ஊர் முழுவதும் கேட்டுவிடும். எங்கள் ஊரில் மரண அறிவித்தல் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படித்தான் வந்து சேருகிறது. அதற்காக யாரும் தொலைபேசி வாங்கவில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி வந்தபோது நான் பாடசாலை மாணவன். அன்று எங்கள் ஊருக்குச் சொல்ல வழியிருக்கவில்லை. இன்று இருக்கிறது.

தங்கள் பத்திரிகையும் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் கிழக்கு மாகாணத் தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்களை ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டு உதவவேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஸ்மார்ட் போன் இல்லாத, ஆனால் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். பதினொரு வீடுகள். அந்தப் பட்டியலை வரும் தவணையின் முதல் நாளில் அதிபரிடம் கொடுப்பேன். அவர் சம்மதித்தால், மாரி முடியும் வரை அந்தப் பதினொரு வீடுகளுக்கும் பாடசாலைச் செய்தியைச் சைக்கிளில் கொண்டுசெல்லும் வேலையை நானே பொறுப்பேற்கத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
படுவான்கரை, மட்டக்களப்பு.