லெனேசியாவுக்கு ஒரு விருந்தாளி

சாட்ஸ்வொர்த், டர்பன்
அக்டோபர் இறுதி

அன்புள்ள சரோஜா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்ததற்காக நீ என்னை இந்நேரம் திட்டி முடித்திருப்பாய் என்ற நம்பிக்கையில், மன்னிப்புக் கேட்கும் பகுதியை விட்டுவிட்டு நேராகச் செய்திக்கு வருகிறேன். இங்கே எல்லாரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை; அதைப் பற்றி எழுதினால் உன் முழங்காலைப் பற்றி நான்கு பக்கம் பதில் வரும் என்பதால் அதை இத்துடன் நிறுத்துகிறேன். புரட்டாசி முடிந்தது, தெரு முழுவதும் மீன்குழம்பு மணக்கிறது. கமலா இந்த ஆண்டும் ஒரு நாள் முன்னதாகவே தொடங்கிவிட்டாள் என்று சொன்னால் நீ வியக்கப்போவதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது பஞ்சுவுக்காக. பேரன் கேப் டவுனுக்குப் படிக்கப் போனபோது என்னிடம் விட்டுச்சென்ற அந்தச் சின்சில்லாவை நீ இன்னமும் தொலைபேசியில் 'அந்த எலி' என்றுதான் விசாரிக்கிறாய். கொறித்துண்ணி இனம்தான், மறுக்கவில்லை. ஆனால் எலியைவிடக் கினிப் பன்றிக்கே அது நெருங்கிய உறவு. அரைக் கிலோ எடை, சாம்பல் நிறம், உடலுக்குப் பொருந்தாத பெரிய காதுகள், அணிலுடையதைப் போன்ற வால். பகலெல்லாம் தூங்கிவிட்டு, நான் விளக்கேற்றும் நேரத்தில் கண் விழித்து, நான் படுக்கப் போகும் நேரத்தில் கூண்டின் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குத் தாவத் தொடங்கும். அதை இறுகப் பிடிக்கக்கூடாது. பிடித்தால் பிடித்த இடத்து மயிரைக் கொத்தாகக் கையில் விட்டுவிட்டு நழுவிவிடும். கழுகின் நகத்திலிருந்து தப்புவதற்கு இயற்கை கொடுத்த வழி அது. வந்த புதிதில் அது என்னை நம்பவில்லை, நானும் அதை விரும்பவில்லை. இப்போது மாலையில் என் தோளில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியின் காம்பைக் கடித்துப் பார்க்கும் அளவுக்கு உறவு முற்றியிருக்கிறது.

வளர்ப்பதில் கடினம் ஏதுமில்லை என்று பேரன் சொல்லிவிட்டுப் போனான். இருபது வயதில் எதுவும் கடினமில்லை. அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், நாளெல்லாம் கரடுமுரடான உலர்புல்லை மென்று தேய்க்க வேண்டும். குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தீவனம் விற்கும் கடையில் டெஃப் புல்லும் எராகிராஸ்டிஸ் புல்லும் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. அவைதான் அதற்குச் சோறு. முன்பற்கள் ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருந்தால் நலம். வெளுத்தால்தான் கவலைப்பட வேண்டும். நீரில் குளிப்பாட்டவே கூடாது. நம் தலையில் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு முடி என்றால், அதற்கு ஒரே துளையிலிருந்து ஐம்பது அறுபது மயிர்கள் முளைக்கின்றன. நனைந்துவிட்டால் அடிவரை உலராமல் பூஞ்சை பிடிக்கும். எரிமலைப் பாறையை மாவாகப் பொடித்த ஒருவகைத் தூளை ஒரு தொட்டியில் வைத்தால், அதற்குள் விழுந்து புரண்டு தன்னைத் தானே சுத்தப்படுத்திக்கொள்கிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, பத்து நிமிடம் போதும் என்கிறார்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மயிர் திரிதிரியாக ஒட்டிக்கொள்வதால் நான் அதைவிட அடிக்கடி வைக்கிறேன். பின்பு வரவேற்பறை முழுவதும் திருநீறு கொட்டியதுபோல் இருக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் இப்போதே என்று நீ கேட்பாய். பொறு.

அந்த ஈரம்தான் என் கவலையெல்லாம். நான் முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவள் என்பதை நீ கேலி செய்வதற்காகவாவது நினைவில் வைத்திருப்பாய். எனவே அட்லஸைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படி. நீண்ட வாலுடைய இந்த வகைச் சின்சில்லா இன்று காட்டில் வாழ்வது சிலி நாட்டில் மட்டும்தான். அங்கே இயாப்பெல் என்ற ஊருக்கு அருகே 1983இல் அவற்றுக்கென்றே ஒரு காப்பகம் அமைத்தார்கள். அந்த ஊரிலிருந்து கிழக்கே விரலை நகர்த்திக்கொண்டே வா: கடலைக் கடந்து நம் நாட்டின் கிழக்குக் கரைக்கு வரும்போது டர்பனுக்குச் சற்றே தெற்கில்தான் விரல் நிற்கும். ஏறக்குறைய ஒரே அட்சரேகை! அதே சூரியன், அதே கோணம். ஆனால் அவர்களுடைய கரையோரம் ஹம்போல்ட் நீரோட்டம் தென்துருவத்துப் பக்கத்திலிருந்து குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது; காற்றில் ஈரம் ஏறாமல் மலைச்சரிவுகள் வறண்டு கள்ளி முளைத்துக் கிடக்கின்றன. நம் கரையோரம் அகுல்லாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதனால்தான் இங்கே கரும்பு விளைந்தது, அதனால்தான் நம் பாட்டனார்களைக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். பஞ்சுவுக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளாததற்கும் நாம் இந்த ஊரில் பிறந்ததற்கும் ஒரே கடல்தான் காரணம் என்பது எனக்குப் பல நாள் தோன்றவேயில்லை. தோன்றிய பிறகு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பஞ்சுவுக்கு வியர்க்காது. உடம்பின் சூட்டை வெளியேற்ற அந்தக் காதுகளே பெரும்பாலும் வழி. வெப்பம் 25 செல்சியஸ் பாகையைத் தாண்டினாலே அதற்கு ஆபத்து தொடங்கிவிடும். வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு: பாரன்ஹீட்டில் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டினால் 150ஐத் தாண்டக்கூடாது. நம் ஊரில் பிப்ரவரி மாதத்தில் 82ஐயும் 80ஐயும் கூட்டிப் பார். அதனால் கோடை முழுவதும் என் படுக்கையறைக் குளிர்சாதனம் அதற்காகவே ஓடுகிறது. மின்கட்டணத்தைப் பார்த்த மகள், "அம்மா, அப்பா இருந்தபோது மின்விசிறிக்கே கணக்குப் பார்த்தவள் நீ" என்று குத்திக்காட்டினாள். அவள் சொன்னது உண்மை. அதனால் நான் பதில் சொல்லவில்லை.

சென்ற பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் தெருவின் மின்மாற்றி வெடித்தது. லோட்ஷெட்டிங் என்றால் நேரம் குறித்து வரும், நாமும் ஏற்பாடாக இருப்போம். இது சொல்லாமல் வந்தது, எப்போது சரியாகும் என்று சொல்லவும் யாருமில்லை. சன்னலைத் திறந்தால் வெளியே இன்னும் அதிகப் புழுக்கம். பனிக்கட்டியாக உறைந்த நீர்ப்புட்டிகளைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தேன். அவ்வாவின் அம்மிக்கல்லைத்தான் கோடையில் பஞ்சு படுத்துக் குளிரக் கூண்டின் அடித்தட்டில் வைத்திருக்கிறேன், அதுவும் சூடேறிவிட்டது. நள்ளிரவுக்குமேல் கைவிளக்கை அடித்துப் பார்த்தால், ஒருக்களித்துப் படுத்துக் கிடக்கிறது. காதுகள் செக்கச்செவேல் என்று இருக்கின்றன. வாயோரம் நீர் வழிகிறது. தொலைபேசியில் பிடிக்க முடிந்த ஒரே இரவு மருத்துவமனையில், நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே ஆள் இருக்கிறார், காலையில் வாருங்கள் என்றார்கள். சரோஜா, என் கணவர் இறந்த இரவில்கூட நான் அப்படிக் கை நடுங்கியதாக நினைவில்லை. அன்று சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

காரின் நினைவு வந்தது. கொட்டகையிலிருந்து தெருவோரத்துக்கு வண்டியை வெளியே எடுத்து, குளிர்சாதனத்தைப் போட்டு, பஞ்சுவைப் பயணக்கூடையில் மடிமேல் வைத்துக்கொண்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதன் காதுகளை மட்டும் ஒற்றியபடி உட்கார்ந்திருந்தேன். ஒரேயடியாகக் குளிரவைத்தாலும் அதிர்ச்சியில் போய்விடும் என்று படித்திருந்ததால் குளிர்ந்த காற்று நேராக அதன்மேல் படாமல் என் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரர் விடியற்காலையில் வெளியே வந்து, இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் இரவு உடைமேல் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "டீச்சர், எங்கே பயணம்?" என்று கேட்டார். ஆண்டீஸுக்கு என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

பிழைத்துக்கொண்டது. ஆனால் அதன்பின் புல்லைத் தொடவில்லை. இந்த இனத்துக்கு வயிறு ஓயக்கூடாது; குடல் நின்றால் அதுவே உயிரைக் கொண்டுபோய்விடும் என்று மருத்துவர் சொல்லி, அரைத்த புல் கூழை ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிப் பல்லோரமாகச் சிறுகச் சிறுக ஊட்டச் சொன்னார். ஆடிக்கூழ் ஊற்றிய கையால் அதையும் செய்தேன். ஒரு மாலை அது தானே ஒரு புல்லை இழுத்துக் கடித்த சத்தம் கேட்டபோது, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். 1923இல் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர் பதினொரு சின்சில்லாக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். மலையிலிருந்து அவற்றைச் சட்டென்று இறக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக மாதக்கணக்கில் இறக்கிப் பழக்கி, கப்பலில் பனிக்கட்டி வைத்துக் குளிர்ச்சி குறையாமல் காத்தாராம். அவருடைய நோக்கம் அந்த மயிர்த்தோல் வணிகம்தான். ஒரு மேலங்கிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தோல்கள் தேவைப்படும் என்பதால், அதற்குள் காட்டில் அவற்றை ஏறக்குறைய அழித்தே விட்டிருந்தார்கள். 1910இல் நான்கு நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டுத் தடை செய்யும் நிலை வந்திருந்தது. விற்பதற்காக ஒருவர் அவ்வளவு பொறுமையாக மலையிலிருந்து இறக்கினார் என்றால், உயிரோடு இருப்பதற்காக ஒன்றை நான் மலைமேல் ஏற்றக்கூடாதா? ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் நீங்கள் இருப்பது கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 1,600 மீட்டர் மேலே. உங்கள் கோடை மாலையில் இடி இடித்து மழை கொட்டினாலும், இரவில் போர்வை தேடுவதாக நீயே எழுதியிருக்கிறாய். டிசம்பர் தொடங்கி மார்ச் முடியும்வரை பஞ்சுவை உன்னிடம் வைத்துக்கொள்வாயா?

சிரிக்காதே, இன்னும் முடிக்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த உயிர் பத்து ஆண்டுகளுக்கு மேல், சில நேரம் இருபது ஆண்டுவரைகூட வாழும். அதற்கு இப்போது 4 வயது, எனக்கு 71. பேரன் படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறான். அவன் சொல்வது பொய்யில்லை, ஆனால் அவன் எந்த நாட்டில், எந்த வாடகை அறையில் இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. மகள் வீட்டில் இரண்டு நாய்கள், அதுவும் எலியைக் கண்டால் விடாத சாதி. எனவே நான்கு மாதம் என்று நான் கேட்பது நான்கு மாதத்துக்கு மட்டும்தான் என்று நீ நினைத்துவிடக்கூடாது. அது உன்னிடம் பழகிக்கொள்ளட்டும், நீயும் அதனிடம் பழகிக்கொள். உனக்கும் 71தான் என்று சொல்லாதே. உன் அம்மா 96 வரை இருந்தவர்.

மருமகன் நவம்பர் கடைசியில் வேலையாக ஜோகன்னஸ்பர்க் வருகிறான். விடியுமுன்னே புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் வான் ரீனன் கணவாயைத் தாண்டிவிடலாம். ஹாரிஸ்மித்தில் தேநீருக்கு நின்றாலும் வண்டியின் குளிர்சாதனத்தை நிறுத்தக்கூடாது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். கூண்டு, புல்கட்டு, புழுதித்தூள், அம்மிக்கல் எல்லாம் உடன் வரும். அம்மிக்கல்லில் நீ சட்னி அரைக்க ஆசைப்பட்டால் கழுவிக்கொள். உன் வீட்டுக்காரர் உலர்திராட்சை, வேர்க்கடலை, பிஸ்கட் எதையும் அன்பின் பேரில் அதற்கு நீட்டக்கூடாது. இனிப்பும் கொழுப்பும் அதன் குடலுக்கு ஆகாது. அவருக்கு ஊட்ட வேண்டும் என்று தோன்றினால் உனக்கு ஊட்டட்டும். அவர் ஊட்டிய லேடிஸ்மித் கிளிக்கு நேர்ந்தது போதும்.

இத்துடன் வெப்பத்தையும் ஈரத்தையும் காட்டும் கருவி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். உன் பின்னறையின் சன்னல் மேற்கே பார்த்ததா தெற்கே பார்த்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அங்கே அதை மாட்டி, ஒரு வாரம் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பார்த்து, எண்களை எழுதி நவம்பர் 15க்குள் எனக்கு அனுப்பு. 25ஐத் தாண்டினால் என் மனம் நோகும் என்று குறைத்து எழுதாதே. அப்படியானால் முன்னறையில் மாட்டி மறுபடியும் பார். உன் வீட்டுக்காரரிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மீனாட்சி