தோட்டச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள், விதைப் பரிமாற்றம், குழாய்ப் பழுது என வழக்கமான வேலைகள் தடையில்லாமல் நடந்தன. ஆனால் இந்த ஆண்டு முழுக்க நம் பேச்சில் இருந்தது கிழக்கு ஓரப் பாத்திகளின் மண்தான். கொத்தும்போது உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடியும் குழல் விளக்குத் துண்டுகளும் கிளம்பி வந்ததால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். பாதரசம் இருப்பது உறுதியானது. அங்கே விளைந்ததைச் சாப்பிடலாமா என்று கேட்காத உறுப்பினர் இல்லை.

செயற்குழு விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். மண்ணில் உள்ள பாதரசம் பெரும்பாலும் மக்கிய பொருளோடும் கந்தகத்தோடும் இறுகப் பிணைந்து கிடக்கும். வேர் அதில் கொஞ்சத்தைத்தான் இழுக்கும். இழுத்ததும் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். அதனால் தக்காளி, கத்தரி, பீன்ஸ் வரை ஏறுவது மிகக் குறைவு. கேரட், முள்ளங்கி மண்ணுக்குள்ளேயே இருப்பவை, அவற்றில் கவனம் வேண்டும். கீரைதான் பெரிய கவலை. மண்ணிலிருந்து ஆவியாகும் பாதரசத்தை இலை காற்றிலிருந்தே வாங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, மழையில் தெறித்த சேறு காம்பு இடுக்கில் காய்ந்து ஒட்டியிருக்கும். சேற்றைக் கழுவிவிடலாம். இலைக்குள் போனது கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது.

அப்புறம், எந்த வடிவப் பாதரசம் என்பது முக்கியம். தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. 1956-ல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்குக் காரணம் அதுதான். அங்கே அது மீன் வழியாக வந்தது. சேற்றில் விளையும் நெல்லும் அதைச் சேர்த்துவைக்கும். இப்படி மாறாமல் மண்ணில் இருக்கும் கனிமப் பாதரசம் முதலில் சிறுநீரகத்தைத் தாக்கும். மெத்தில் பாதரசம் நரம்பையும் கருவில் உள்ள குழந்தையின் மூளையையும் தாக்கும். உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வாரத்துக்கு வைத்திருக்கும் உச்ச அளவு, உடல் எடையில் கிலோவுக்குக் கனிமப் பாதரசம் 4 மைக்ரோகிராம், மெத்தில் பாதரசம் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு முறையே 240, 96. மொத்தப் பாதரசம் இவ்வளவு என்று மட்டும் சொல்லும் மண் அறிக்கையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. அதனால் விளைச்சலையும் தனியே பரிசோதிக்கக் கேட்டிருக்கிறோம்.

அந்த முடிவு வரும்வரை கிழக்குப் பாத்திகளில் உண்பதற்கு எதுவும் பயிரிடுவதில்லை என்று செயற்குழு தீர்மானித்தது. ஆண்டுக்கணக்கில் அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு இது எவ்வளவு வருத்தம் என்று தெரியும். அவர்களுக்கு மேற்குப் பக்கம் இடம் ஒதுக்கப்படும். கிழக்குப் பாத்திகளில் உள்ள செடிகளையும் களையையும் பொது உரக்குழியில் போட வேண்டாம், பாதரசம் தோட்டம் முழுக்கப் பரவும். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம். மண் கையோடு வாய்க்குப் போவது காயைவிடச் சுலபமான வழி. அந்தப் பாத்திக் கீரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்கள், முக்கியமாகக் கருவுற்ற பெண்கள், மருத்துவரிடம் விவரத்தைச் சொல்லிச் சிறுநீர், ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

அடியில் தடுப்புத் துணி விரித்து, வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து உயர்த்திய பாத்தி அமைக்கும் திட்டம் வரும் ஆண்டுக்கு உள்ளது. அதற்கான செலவைப் பொருளாளர் தம் அறிக்கையில் வாசிப்பார். உறுப்பினர்கள் ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்