வலியை மட்டும் கேட்காதீர்கள், முட்டியையும் பாருங்கள்

விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

கீழே விழுந்து எழுந்து வரும் பிள்ளையிடம் "வலிக்குதா?" என்றுதான் கேட்கிறீர்கள். "இல்ல சார்" என்றதும் திரும்ப ஆட அனுப்பிவிடுகிறீர்கள். 17 வயதில் நானும் அப்படித்தான் சொன்னேன். குதித்து இறங்கும்போது முழங்காலுக்குள் ஏதோ பட்டென்று தெறித்தது. இரண்டு மணி நேரத்தில் முட்டி பந்து மாதிரி ஆகிவிட்டது. "சுளுக்குதான், ஓட ஓடச் சரியாகும்" என்றார் என் பயிற்சியாளர். என்மேல் அக்கறை உள்ளவர்தான், ஆனால் அவருக்கும் யாரும் சொல்லித்தந்ததில்லை. ஜவ்வு கிழிந்த காலோடு 4 மாதம் ஓடினேன். எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பது எம்ஆர்ஐ எடுத்த அன்றுதான் புரிந்தது.

எத்தனை மணிக்கு வீங்கியது என்பதைக் கவனியுங்கள். அடிபட்ட சில மணி நேரத்துக்குள் புடைத்தால், பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிகிறது. முன் சிலுவைத் தசைநார் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு) கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மறுநாள் மெல்ல வீங்கினால், எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். இரண்டிலுமே வலி சீக்கிரம் அடங்கிவிடக்கூடும்.

நல்ல முழங்காலில் சில மில்லி திரவம்தான் இருக்கும். அது கூடினால், வலியே இல்லாவிட்டாலும் முன்தொடைத் தசை முழு பலத்தோடு இயங்காது. நாளாக ஆகத் தொடை மெலியும். அந்தக் காலை நம்பித்தான் பிள்ளை குதிக்கிறது. இரண்டு கால்களையும் நீட்டி உட்காரச் சொல்லி ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டிச் சில்லின் ஓரங்களில் உள்ள பள்ளம் ஒரு காலில் மட்டும் நிரம்பியிருந்தால், உள்ளே நீர் கோத்திருக்கிறது. அன்றைக்கு ஆட்டம் வேண்டாம். ஓரிரு நாளில் வடியாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். காலை ஊன்ற முடியவில்லை, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டது என்றால் அன்றே.

அடியே படாமல் வீங்கும் முட்டியும் உண்டு. காலையில் விறைப்பு, வாரக்கணக்கில் வற்றாத வீக்கம் என்றால் சிறார் மூட்டழற்சியாக இருக்கலாம். "சோம்பேறி" என்று அந்தப் பிள்ளையைத் திட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. அந்த நோய் கண்ணையும் சத்தமில்லாமல் பாதிக்கும் என்பதால் கண் பரிசோதனையும் அவசியம்.

முட்டி சூடாகச் சிவந்து, காய்ச்சலும் வந்து, அசைக்கவே விடவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கிருமித் தொற்று சில நாட்களிலேயே மூட்டை நிரந்தரமாகக் கெடுத்துவிடும்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: எப்போது அடிபட்டது, எப்போது வீங்கியது. மருத்துவர் அதைத்தான் கேட்பார். 4 மாதம் கழித்து என்னிடம் கேட்டபோது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன் ஒருவன்