நீர்மூழ்கிகள் பிந்துவது ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்திய நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டி முடிக்கப் பிந்துவதற்குத் தொழிலாளரின் சோம்பலே காரணம் என்று சொல்வது பெரிய அநியாயம். 2005இல் ஒப்பந்தமாகி 2012இல் வரவேண்டிய ‘கல்வரி’ நீர்மூழ்கி 2017 டிசெம்பரில்தான் கடற்படையில் சேர்ந்தது. வெளிநாட்டுப் பாகங்களை வாங்குவதிலேயே காலம் போயிற்று. டீசல் இயந்திரம் போன்ற பெரியவற்றை, உடற்பகுதிகளை ஒன்றோடொன்று பொருத்த முன்னரே உள்ளே ஏற்றிவிட வேண்டும். ஒன்று பிந்தினாலும் உடலை மூட ஏலாது. பிறகு ஏற்றுவதென்றால் அழுத்தம் தாங்கும் உருக்கையே வெட்டி, திரும்ப வெல்டிங் செய்து, வெல்டிங் செய்த ஒவ்வொரு இடத்தையும் எக்ஸ்ரே பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் பைபர் படகுக்கு ரெசின் பூசுவதுபோல அது லேசில் முடிகிற வேலையல்ல. ஆயுதக் கொள்முதலும் இழுபட்டது: புதிய டோர்பிடோ (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டு) வாங்கும் திட்டம் 2016இல் கைவிடப்பட்டதால், கல்வரி பழைய டோர்பிடோக்களுடனேயே சேவைக்கு வந்தது.

வாசகர்,
முல்லைத்தீவு.