ஒருவழியாக ‘தில்லானா’ பார்த்தேன்

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் தையில் என்று முடிவானதில் ரொம்ப சந்தோஷம். அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் நீ நம்பவே மாட்டாத சேதி: ‘தில்லானா மோகனாம்பாள்’ பார்த்துவிட்டேன். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், ஒரு காட்சியையும் தள்ளிவிடாமல்.

இத்தனை வருஷம் ஏன் அந்தப் படத்துப் பக்கமே போகவில்லை என்று உனக்குத் தெரியும். தவில்காரர் பேரன் என்று தெரிந்த அன்றைக்கே அந்தப் படத்து நாதஸ்வரக்காரன் சிக்கல் சண்முகசுந்தரத்தை வைத்து ஹாஸ்டலில் எனக்கு ‘சிக்கலார்’ என்று பேர் வைத்தவன் நீதானே. தவிலுக்கும் நாயனத்துக்கும் வித்தியாசம் தெரியாத பயல்! ஊரில் இதைவிட மோசம். தாத்தா செட்டு வாசிக்கும்போது ராகம், கீர்த்தனை எதற்கும் காது கொடுக்காத ஆட்கள், மாப்பிள்ளை அழைப்பில் மட்டும் ‘நலந்தானா போடுங்க’ என்று பத்து ரூபாய் நோட்டை நீட்டுவார்கள். எங்கள் தொழிலுக்கே ஒரு சினிமாதான் விலாசமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஆனால் ஆரம்பத்திலேயே படம் என்னைப் பிடித்துக்கொண்டது. சண்முகசுந்தரம் வாசித்துக்கொண்டிருக்கும்போதே வாணம் விட ஆரம்பித்துவிடுகிறார்கள். அவன் நிறுத்திவிடுகிறான். அவ்வளவுதான் விஷயம். தாத்தா அப்படி ஒரு நாளும் நிறுத்தியதில்லை. பந்தியில் இலை போடும் சத்தம், சீட்டுக்கட்டுச் சண்டை, மைக்கில் மொய் வாசிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே, தவிலின் வலது பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். எல்லோரும் காதல் படம் என்கிறார்கள். நான் பார்த்தது ஒரு மேளக்காரனின் ரோஷத்தை. அந்த ரோஷம் ஒன்றும் கற்பனை இல்லை. மேடையில் சரிசமமாக உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்ற நாயன வித்வான் ராஜரத்தினம் பிள்ளை 1956 வரை நம்மிடையே இருந்தவர்தான். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் இந்தக் கதையைத் தொடராக எழுதியது அதற்குக் கொஞ்சம் பின்னால். ஏ.பி. நாகராஜன் படமாக எடுத்தது 1968ல்.

படத்துக்கு நாயனம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சண்முகசுந்தரமாக வரும் சிவாஜி மூச்சு எடுக்கும் இடத்தில் உண்மையாகவே மூச்சு எடுக்கிறார், கன்னமும் கழுத்தும் சங்கதியோடு போகின்றன. குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன், பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. தவில்காரராக வரும் பாலையாவுக்குச் சில இடத்தில் விரலும் சொல்லும் சேரவில்லை. போகட்டும். ‘நலந்தானா’வில் அந்த மனுஷன் கண்ணைப் பார். மோகனாவாக ஆடும் பத்மினி, சண்முகசுந்தரத்தின் காயம்பட்ட கை எப்படி இருக்கிறது என்று அபிநயத்தில் சபை நடுவிலேயே விசாரிக்கிறாள். நாயனம் வாயில் இருப்பதால் இவனால் பதில் பேச முடியாது, கண் மட்டும் கலங்குகிறது. பக்கத்தில் தவில்காரருக்கு எல்லாம் புரிந்துபோகிறது, ஆனால் தாளத்தை விட முடியாது. செட்டில் வாசிக்கிறவர்கள் அப்படித்தான். யார் வீட்டில் என்ன என்று வாசிக்கிற முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

சண்முகசுந்தரம் மேல் எனக்கு வருத்தமும் உண்டு. எதற்கெடுத்தாலும் மோகனாவைச் சந்தேகப்படுகிறான். வித்தைக்கு மரியாதை கேட்கிறவன் அவளுக்கு அதைக் கொடுக்க வேண்டாமா? அவள் பாடுதான் பெரிய பாடு. பெற்ற தாய் வடிவாம்பாளே பணக்காரன் தலையில் கட்டப் பார்க்கிறாள், நாகேஷ் வைத்தி நடுவில் தரகு. நாம் விழுந்து விழுந்து சிரிக்கிற வைத்தி இருக்கிறானே, அவனை மாதிரி ஆட்களால் அழிந்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. தேவதாசி முறையை ஒழித்த சட்டம் 1947ல் வந்தது. படம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, ஆனால் வடிவாம்பாள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் எனக்குக் கேட்டது. மதன்பூர் மகாராஜா பகுதி இழுவை, பாதியாக வெட்டியிருக்கலாம். மனோரமா வருகிற காட்சிகளில் ஒரு அடி கூட வெட்டக்கூடாது.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். மேளம் யாரையும் சொல்லிவிடாதே. எங்கள் பக்கத்தில் நல்ல செட்டு ஒன்று இருக்கிறது, ரெண்டு நாயனம், ரெண்டு தவில், நானே பேசி முடிக்கிறேன். ரிசப்ஷன் ஸ்பீக்கரை மட்டும் அவர்கள் தலைமாட்டில் கொண்டுபோய் வைக்காதே. சாப்பாடு முதல் பந்தியிலேயே ஆகிவிட வேண்டும், சாந்தியிடம் சொல்லிவை. தேதியையும் மண்டபத்தையும் உடனே எழுது. தை முகூர்த்தம் என்றால் நல்ல செட்டு எல்லாம் இப்போதே பதிவாகிவிடும்.

அன்புடன்,
செல்வம்